சாட்சி சொல்லும் பெண், பெயர் சொல்லாத பையன்: பதின்பருவ மர்ம நாவல் எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். கதை எழுதுங்கள் என்றால் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டு கதைகளில் ஒன்றைத்தான் எழுதுகிறார்கள். யாரோ ஒரு குற்றத்தைக் கண்ணால் பார்த்துவிடுகிற கதை ஒன்று. எங்கிருந்தோ வந்து சேர்ந்த ஒருவன் மேல் மனம் போய்விடுகிற கதை இன்னொன்று. இரண்டையும் சேர்த்து நாவலாக்கப் பார்க்கிறவர்களும் உண்டு. ஐந்தாறு அத்தியாயத்துக்குள் கதை பிளந்துவிடும். ஒரு அத்தியாயம் போலீஸ் நிலையம், அடுத்தது கடற்கரை, மறுபடி போலீஸ் நிலையம் என்று மாறி மாறி ஓடும். காதல் வரும்போது பயம் போய்விடும், பயம் வரும்போது காதல் தொந்தரவாக இருக்கும்.

அவள் பார்த்ததும் அவன் மறைப்பதும் ஒரே முடிச்சாக இருந்தால் இந்தப் பிளவு வராது. அந்த முடிச்சை எப்படிப் போடுவது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். வகுப்பில் பிள்ளைகளோடு சேர்ந்து நாங்கள் கட்டிய ஒரு கதையையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். நாயகி சரோஷ்னி. பையனுக்கு இப்போதைக்கு யூகன் என்று பெயர்.

படி 1: முதல் அத்தியாயத்துக்கு முன்னால் இரண்டு பக்கங்கள்

ஒரு தாளில் உண்மையில் நடந்ததை எழுதுங்கள். இன்னொரு தாளில் அவள் கண்ணில் பட்டதை எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நாவல் கிடையாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் உங்கள் மூலதனம்.

எங்கள் கதையில் உண்மையில் நடந்தது இது. தைப்பூசத்தன்று இரவு, குன்றுச் சரிவில் மேல்ரோட்டையும் கீழ்ரோட்டையும் இணைக்கும் கான்கிரீட் படிக்கட்டில், கந்து வட்டிக்குக் கடன் வாங்கிய ஒருவர் நிற்கிறார். பள்ளி வேன் ஓட்டும் அங்கிள், காவடி எடுத்துவிட்டு வந்த மஞ்சள் துணியோடு, அவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுகிறார். பிறகு மஞ்சள் துணி கட்டிய வேறொருவன் வந்து அவரைத் தள்ளிவிட்டு ஓடுகிறான். அவன் பக்தன் இல்லை. இங்கே மாஷோனிசா என்று சொல்லும் வட்டிக்காரனின் ஆள். அன்றைக்கு மஞ்சள் கட்டினால் கூட்டத்தோடு கூட்டமாகக் கரைந்துவிடலாம் என்று கட்டிக்கொண்டவன்.

சரோஷ்னி பார்த்தது என்ன? வீட்டுப் பின்கட்டில் துணி எடுக்கப் போனவள் மஞ்சள் துணிக்காரர் வருவதைப் பார்க்கிறாள், அது வேன் அங்கிள் என்று தெரிகிறது. பாட்டி, அவள் வாயில் ஆயா, கூப்பிடவே உள்ளே திரும்புகிறாள். மறுபடி பார்க்கும்போது மஞ்சள் துணி கட்டிய ஒருவன் தள்ளுகிறான். அவள் மனம் இரண்டு பேரையும் ஒட்டி ஒருவராக்கிவிடுகிறது. அவள் பொய் சொல்லவில்லை. பார்த்ததைத்தான் சொல்கிறாள் என்று முழு மனதோடு நம்புகிறாள். பதின்பருவ வாசகருக்கு இதைவிடப் பயங்கரமான நிலை இல்லை என்று நினைக்கிறேன்.

மனம் இப்படி ஒட்டுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு, 1974-இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் இருவரும் செய்த சோதனையைச் சொல்வேன். மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டினார்கள். ஒரு குழுவிடம் கார்கள் 'மோதியபோது' என்ன வேகம் என்று கேட்டார்கள், இன்னொரு குழுவிடம் 'மோதி நொறுங்கியபோது' என்று கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, கண்ணாடி உடைந்து கிடந்ததைப் பார்த்தீர்களா என்ற கேள்வி. படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஆனாலும் 'மோதிய' குழுவில் 50 பேரில் 7 பேரும், 'நொறுங்கிய' குழுவில் 50 பேரில் 16 பேரும் பார்த்தேன் என்றார்கள். கேட்கிறவர் போடும் ஒரு சொல்லே சாட்சியின் கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. உங்கள் நாவலில் வரும் போலீஸ்காரர் கெட்டவராக இருக்க வேண்டியதே இல்லை. "அந்த ஆள் அப்புறம் என்ன செய்தார்?" என்று அவர் இயல்பாகக் கேட்கிற 'அந்த ஆள்' போதும். இருவர் ஒருவராகிவிடுவார்கள்.

படி 2: நாள், நிலா, விளக்கு

ஊரைத் தெரியாமல் மர்மக் கதை எழுத முடியாது. யார், எங்கே நின்று, எந்த வெளிச்சத்தில், எவ்வளவு தூரத்தில் பார்த்தார்கள் என்பதுதான் கதையே. அதனால் தேதியை உறுதியாக வையுங்கள்.

நாங்கள் 2023 தைப்பூசத்தை எடுத்துக்கொண்டோம். அது பிப்ரவரி 5, ஞாயிற்றுக்கிழமை. இங்கே அது நல்ல வெயில் காலம். மாலை 7 மணிக்குச் சற்று முன்புதான் சூரியன் மறையும். வகுப்பில் ஒரு பிள்ளை, "கும்மிருட்டில் அவள் பார்த்தாள்" என்று எழுதியிருந்தது. பூசத்தன்று ஏறக்குறைய முழு நிலா இருக்குமே! இருட்டு வேண்டுமானால் மேகத்தைக் கொண்டுவர வேண்டும். கோடைதான் எங்களுக்கு மழைக்காலம் என்பதால் மேகத்துக்குப் பஞ்சமில்லை.

அப்புறம் விளக்கு. படிக்கட்டு ஓரம் பழைய சோடியம் விளக்கு எரிகிறது என்று வையுங்கள். அந்த ஆரஞ்சு ஒளியில் நிறங்கள் செத்துப்போகும். மஞ்சளும் வெளுத்த வெள்ளையும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும். சின்ன வயதில் எனக்கே இது நடந்திருக்கிறது. கோயில் வாசலில் தொலைந்த என் தம்பியைத் தேடியபோது, பச்சைச் சட்டை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு அழுதேன். அவன் அந்த விளக்கடியில்தான் நின்றுகொண்டிருந்தான். சட்டை சாம்பல் நிறமாகத் தெரிந்ததால் என் கண் அவனைத் தாண்டித் தாண்டிப் போனது. அந்த ஐந்து நிமிடத்தை இன்றைக்கும் மறக்கவில்லை.

மின்வெட்டைக் கதைக்குப் பயன்படுத்தலாம், இங்கே எல்லாரும் அதை லோட்ஷெடிங் என்றே சொல்வார்கள். ஆனால் நினைத்த இடத்தில் விளக்கை அணைக்காதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனின் மின்கட்டமைப்பு பலமாக அடிபட்டதால் அதன்பின் சில காலம் நகருக்கு மின்வெட்டிலிருந்து விலக்கு இருந்தது. 2023-இல் நாடே மின்வெட்டில் தவித்தது. 2024 மார்ச் கடைசியில் அது நின்று, அந்த ஆண்டு முடியும்வரை வரவில்லை. 2024 ஆகஸ்டில் லோட்ஷெடிங் என்று எழுதினால் டர்பன் வாசகர் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

இடத்தை வரைபடமாகப் போட்டு வையுங்கள். சாட்ஸ்வொர்த் 1960-களில், இனவாரிப் பகுதிச் சட்டத்தால் துரத்தப்பட்ட இந்தியர்களுக்காகக் கட்டப்பட்டது. குன்றுகள், சரிவில் அடுக்கடுக்காக வீடுகள், பல வீடுகளுக்கு நடுச்சுவர் பொது. பக்கத்து வீட்டில் இருமினால் இங்கே கேட்கும். சாட்சி சொல்லப் போகிறவளுக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர் என்றால் வேறு எந்தப் பேயும் வேண்டாம். சரோஷ்னி ராத்திரியில் படிக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் வேன் அங்கிளின் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும். முன்பெல்லாம் அந்தச் சத்தத்தோடு கதவு தட்டி ஒரு கிண்ணம் மடும்பி (சேப்பங்கிழங்கு) குழம்பும் வரும். இப்போது சத்தம் மட்டும் வருகிறது.

படி 3: பையனின் ரகசியத்தைக் குற்றத்தோடு கட்டுங்கள்

மர்மமான காதலன் என்றதும் பலர் அவனுக்கு ஒரு சோகப் பார்வையும் கறுப்புச் சட்டையும் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அவன் ஏன் மறைக்கிறான் என்பதற்கு எழுதுகிறவரிடமே பதில் இருக்காது. நான் முதலில் கேட்பது இதுதான்: அவன் உண்மையைச் சொன்னால் யார் சாவார்கள்?

தென்னாப்பிரிக்காவில் 1998-ஆம் ஆண்டின் சாட்சிப் பாதுகாப்புச் சட்டம் (எண் 112) இருக்கிறது. உயிருக்கு ஆபத்துள்ள சாட்சியையும் அவரைச் சார்ந்தவர்களையும் இடம் மாற்றிப் பாதுகாக்க இந்தச் சட்டத்தின் கீழ் தனி அலுவலகம் உண்டு. உள்ளே போகிறவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். பழைய ஊர், பழைய நட்பு, பழைய பள்ளி எல்லாம் போய்விடும். இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுப்பது குற்றம்.

யூகன் அப்படி வந்த குடும்பத்துப் பையன். ஜோஹானஸ்பர்க்கை அடுத்த லெனேசியாவில் அவன் அம்மா ஒரு வழக்கில் சாட்சி சொன்னார். அதற்கான விலையைக் குடும்பமே கொடுத்துக்கொண்டிருக்கிறது. பெயர் புதிது, பிறந்த ஊராகச் சொல்வது ஸ்டேங்கர். டர்பனுக்கு வந்த முதல் மாதத்தில், அந்தத் தைப்பூச இரவில், படிக்கட்டுக்கு மேலே நின்று அவனும் பார்த்துவிட்டான். தள்ளியவன் வேன் அங்கிள் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். முன்வந்து சொன்னால் அவன் பெயர், படம், பின்னணி எல்லாம் விசாரணைக்குள் வரும். அம்மாவைத் தேடுகிறவர்களுக்கு வழி திறந்துவிடும்.

பாருங்கள், முடிச்சு தானாக விழுந்துவிட்டது. அவள் பேசினால் ஒரு நிரபராதி சிறைக்குப் போவார். அவன் பேசினால் அவன் அம்மா சாகலாம். இருவரும் ஒருவரை ஒருவர் நேசிக்கத் தொடங்கினால் ஒவ்வொரு காதல் காட்சியும் விசாரணைக் காட்சியாகவும் இருக்கும். பிளவுக்கு இடமே இல்லை.

காலத்தை இப்படி அமைத்தோம். முதல் அத்தியாயம் 2023 பிப்ரவரி, அவளுக்கு 16 வயது. இரண்டாம் அத்தியாயம் நேரே 2024 ஜூலை. அவள் மாட்ரிக், அதாவது பள்ளியின் கடைசி வகுப்பு, படிக்கிறாள், வேன் அங்கிள் ஜாமீனில் பக்கத்து வீட்டில் இருக்கிறார், வழக்குக்கு செப்டம்பரில் தேதி. ஒன்றரை வருடம் அதே பள்ளியில் ஒரு வார்த்தை பேசாத யூகன், வழக்குத் தேதி வந்த வாரத்தில் அவளிடம் வந்து கணக்குப் புத்தகம் கேட்கிறான். ஏன் இப்போது? வாசகர் அவனை வட்டிக்காரன் அனுப்பிய ஆள் என்று நினைப்பார். நினைக்கட்டும். அந்தச் சந்தேகத்தை இருபதாவது அத்தியாயம்வரை கலைக்காதீர்கள்.

படி 4: நீதிமன்றத்தைத் தமிழ் சினிமாவிலிருந்து எடுக்காதீர்கள்

பிள்ளைகளின் கதைகளில் கூண்டு, சுத்தியல், தூக்குத் தண்டனை, சில சமயம் அமெரிக்கப் படங்களில் வரும் ஜூரிகூட வருகிறது. தென்னாப்பிரிக்காவில் ஜூரி முறை 1969-இல் ஒழிந்தது. மரண தண்டனையை அரசியலமைப்பு நீதிமன்றம் 1995-இல் நீக்கியது. உங்கள் சாட்சி ஒரு நீதிபதியையோ மாஜிஸ்திரேட்டையோதான் நம்ப வைக்க வேண்டும்.

சாட்சிக்கு 18 வயது ஆகாதிருந்தால் சட்டம் சில கவசங்களைத் தருகிறது. 1977-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 170ஏ பிரிவின்படி, மன உளைச்சல் மிகும் என்று நீதிமன்றம் கருதினால், ஓர் இடையாளர் மூலம் கேள்வி கேட்கலாம். வேறு அறையில் உட்கார்ந்து, குற்றம் சாட்டப்பட்டவர் முகத்தைப் பார்க்காமலேயே அவள் பதில் சொல்லலாம். 154-ஆம் பிரிவு அவள் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது. இந்தப் பெயர் மறைப்பு 18 வயது தாண்டினாலும் போகாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது.

இதில்தான் உங்கள் கடிகாரம் இருக்கிறது. சரோஷ்னியின் பிறந்தநாளை அக்டோபரில் வையுங்கள். செப்டம்பர் விசாரணை நவம்பருக்குத் தள்ளிப்போகட்டும். ஒத்திவைப்பு இங்கே அன்றாடம் நடப்பதுதான், யாரும் நம்ப மறுக்க மாட்டார்கள். பெயர் மறைப்பு நீடிக்கும், ஆனால் வயதின் பேரில் கிடைக்க இருந்த தனி அறை கை நழுவும். பிறந்தநாள் கேக் வெட்டும் அத்தியாயம்தான் நாவலிலேயே பயம் மிகுந்த அத்தியாயமாகிவிடும். சட்டம் பெயரை மறைத்தாலும் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு அத்தை "நம்ம சரோஷ்னிதானே" என்று போட்டுவிடலாம். அதற்கு ஒரு காட்சி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று முக்கியம். அதே சட்டத்தின் 208-ஆம் பிரிவின்படி ஒரே ஒரு சாட்சியின் வாக்கை வைத்தும் தண்டிக்கலாம். அவள் சொல் அவ்வளவு கனமானது. அதனால்தான் அடையாளம் காட்டும் சாட்சியத்தை நீதிமன்றங்கள் எச்சரிக்கையோடு அணுகுகின்றன. 1972-இல் முத்தேத்வா என்பவர் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் எதையெதைப் பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னது: வெளிச்சம் எப்படி, சாட்சியின் பார்வை எப்படி, எவ்வளவு அருகில் இருந்தார், எவ்வளவு நேரம் பார்த்தார், அந்த ஆளை முன்பே தெரியுமா, காட்சி அசைந்துகொண்டிருந்ததா, முகம், குரல், உடல்வாகு, நடை, உடை எப்படி. நீதிமன்றங்களுக்காகச் சொன்னதுதான், ஆனால் நாவலாசிரியருக்கு இதைவிட நல்ல பட்டியல் கிடைக்காது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி பதில் எழுதி மேசைமேல் ஒட்டி வையுங்கள். "முன்பே தெரியுமா" என்பதைக் கவனியுங்கள். தெரிந்த முகத்தை நாம் சரியாகத்தான் அடையாளம் காண்போம் என்று எல்லாரும் நம்புகிறோம். சரோஷ்னி தவறியது அவரைத் தெரிந்திருந்ததால்தான். தெரிந்த முகம் மனதில் முன்னால் வந்து நின்றுகொண்டது.

படி 5: தமிழ் இலக்கணமே உங்கள் கையாள்

ஆங்கிலத்தில் மர்மக் கதை படித்துப் பழகியவர்கள் தமிழில் எழுதும்போது முட்டிக்கொள்கிற இடம் வினைமுற்று. 'ஓடினான்' என்றதும் ஆண் என்று தெரிந்துவிடும், 'ஓடினாள்' என்றால் பெண். ஆள் யாரென்று மறைக்க வேண்டுமானால் 'ஓர் உருவம் ஓடியது', 'காலடிகள் கீழே இறங்கின' என்று போகலாம். 'ஓடினார்' என்று மரியாதையில் போட்டாலும் பால் தெரியாது, ஆனால் பயந்துபோன பெண் கொலைகாரனுக்கு மரியாதை கொடுப்பாளா? சிலசமயம் கொடுப்பாள். தெரிந்த அங்கிள் என்று அவள் நினைத்திருந்தால் 'தள்ளினார்' என்றுதான் வாயில் வரும். அந்த 'ஆர்' விகுதி ஒன்றே அவள் யாரை மனதில் வைத்துப் பேசுகிறாள் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

'ஆம்' என்ற ஈறும் உண்டு. 'வந்தான்' என்றால் நான் பார்த்தேன். 'வந்தானாம்' என்றால் யாரோ சொன்னார்கள். நேரில் பார்த்ததையும் கேள்விப்பட்டதையும் ஒரே அசையில் பிரிக்கிற மொழி நமக்கு வாய்த்திருக்கிறது. அந்த இரவைப் பற்றி அக்கம்பக்கத்தார் பேசும் அத்தியாயம் முழுக்க 'ஆம்' நிறைந்திருக்கட்டும். யூகன் ஒருநாள் பேச்சுவாக்கில் 'ஆம்' போட வேண்டிய இடத்தில் போடாமல் விடட்டும். "அவர் மூணாவது படியில நின்னுட்டிருந்தாரு." அவன் அங்கே இருந்தான் என்பதைக் கூர்ந்து படிக்கிற வாசகர் அங்கேயே பிடித்துவிடுவார்.

எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது தமிழின் இயல்பு. எங்கள் நாவலின் அச்சாணியே அதில்தான் இருக்கிறது. நடந்தவுடன் சரோஷ்னி முதலில் ஓடிப்போய்ச் சொன்னது ஆயாவிடம், ஆயாவுக்குப் பழகிய தமிழில்:

"மஞ்சத் துணி கட்டிக்கிட்டு வந்தாரு ஆயா, நம்ம வேன் அங்கிள். கை நீட்டிப் பேசினாரு. அப்புறம் தள்ளிட்டான் ஆயா, தள்ளிட்டு சப்பு சப்புன்னு ஓடிட்டான்."

வாசகர் இதை ஒரே ஆளாகத்தான் படிப்பார். பதற்றத்தில் வந்த பேச்சு, விகுதி மாறியதை யார் கவனிக்கப் போகிறார்கள்? மறுநாள் நிலையத்தில் வாக்குமூலம் ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. 'ஆர்', 'ஆன்' இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அதிகாரி ஒவ்வொரு வாக்கியத்திலும் வேன் அங்கிளின் பெயரை எழுதுகிறார். சப்பு சப்பு என்ற ஓசை தாளில் ஏறவே இல்லை. அவள் கையெழுத்துப் போடுகிறாள். ஒன்றரை வருடத்தில் அந்தத் தாளே அவள் நினைவாகிவிடுகிறது.

கடைசிக்கு முந்தைய பகுதியில், புரட்டாசி மாதச் சனிக்கிழமை, வீட்டில் கவுச்சி இல்லாத சமையல். ஆயா கீரை ஆய்ந்துகொண்டே சொல்கிறார்:

"அன்னிக்கு நீ சொன்னப்ப பேசினாருன்னு சொன்னே. தள்ளிட்டான்னு சொன்னே. நான் ரெண்டு பேருன்னுல்ல நெனச்சேன்?"

"ஆயா, அத ஏன் இவ்ளோ நாளா சொல்லல?"

"என்னைய யாரு கேட்டாங்க கண்ணு?"

சற்று நேரம் கழித்து ஆயா மறுபடி, "சப்பு சப்புன்னு ஓடினான்னியே. காவடி எடுத்தவன் செருப்பு போட்டிருப்பானா?"

காவடி எடுக்கிறவர்கள் வெறுங்காலோடுதான் போவார்கள் என்பது எந்தத் தமிழ் வாசகருக்கும் தெரியும். அந்த ஓசை முதல் அத்தியாயத்திலேயே கிடந்தது. வாசகரும் சரோஷ்னியோடு சேர்ந்துதான் தவறவிட்டார். இந்தக் காட்சியை எழுதிப் பார்த்த அன்று வகுப்பில் ஒரு பிள்ளை முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அட, இங்கயே இருக்கு" என்றது. அந்த 'அட' வருகிறவரை திருத்துங்கள்.

படி 6: துப்புகளை வீட்டுச் சாமான்களுக்குள் மறையுங்கள்

ரத்தக்கறை, விரல் ரேகை எல்லாம் வாசகர் எதிர்பார்ப்பவை. யாரும் துப்பு என்று நினைக்காத அன்றாடப் பொருளில் வையுங்கள். யூகன் ஸ்டேங்கர்க்காரன் இல்லை என்பதற்கு நாங்கள் வைத்த துப்பு கரும்புக் கரி.

ஆகஸ்டில் டோங்காட்டில் உறவுக்காரர் வீட்டுப் பூசை. கொல்லையில் வெள்ளைத் துணிகள் காய்கின்றன. தூரத்தில் கரும்புத் தோட்டத்துக்கு அறுவடைக்கு முன் தீ வைத்திருக்கிறார்கள். கறுப்புத் துகள்கள் முடிபோலச் சுருண்டு பறந்து வந்து விழுகின்றன. பெண்கள் எல்லாரும் பேச்சை நிறுத்தாமலேயே எழுந்து துணிகளை உருவுகிறார்கள். யூகன் மட்டும் உள்ளங்கையில் ஒன்றைப் பிடித்து, "என்ன இது?" என்று கேட்கிறான். கரும்புக் காட்டுக்கு நடுவில் இருக்கிற ஸ்டேங்கரில் பிறந்தவன் அதைக் கேட்க மாட்டான். சரோஷ்னி அவனைப் பார்க்கிறாள். அவன் கையை மூடிக்கொள்கிறான், திறக்கும்போது விரலெல்லாம் மை.

அதுபோல இன்னும் இரண்டு போதும். பிள்ளை என்று குடும்பப் பெயர் சொல்கிறவன் பாட்டியை நினைத்து 'அவ்வா' என்று சொல்லிவிடலாம், தெலுங்கு வீட்டில் வளர்ந்த வாய் அது. யாராவது "யூகன்" என்று கூப்பிட்டால் அரை நொடி தாமதித்துத்தான் திரும்புவான். மூன்றுக்கு மேல் வைத்தால் மர்மம் போய்விடும்.

படி 7: காதல்

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். படிக்கப் போவது பதினைந்து வயதுப் பெண்கள். பின்தொடர்வதையும், போனைப் பிடுங்கிப் பார்ப்பதையும், 'நான் சொல்வதைக் கேள்' என்று மிரட்டுவதையும் ஆழமான காதலின் அடையாளமாகப் பல கதைகள் விற்கின்றன. பெண்கள் மீதான வன்முறையால் வாடும் நாட்டில் இருந்துகொண்டு நான் அதை எழுத மாட்டேன், என் வகுப்பில் எழுதவும் விட மாட்டேன். யூகன் உண்மையை மறைக்கலாம், அவளை அடக்கக்கூடாது. சாட்சி சொல்லாதே என்று ஒருமுறைகூட அவன் சொல்லக்கூடாது. "நீ பார்த்தது என்னன்னு மறுபடி ஒருமுறை எனக்காக நினைச்சுப் பாரு" என்பது அதிகபட்சம். அதுவே சந்தேகத்தைக் கிளப்பப் போதுமானது.

இருவரும் நெருங்குகிற இடங்களைச் சாதாரணமாக வையுங்கள். சாட்ஸ்வொர்த்தின் பாங்களாதேஷ் மார்க்கெட்டில் அவள் அம்மாவின் கொத்தமல்லிக் கட்டுகளைச் சேர்த்துக் கட்டிக் கொடுக்கும்போது, சத்தமாகப் பாட்டுப் போட்டுக்கொண்டு போகும் பஸ்ஸில் ஒருவர் பேச்சு ஒருவர் காதில் விழாதபோது, கால் ரொட்டியில் அவரைக் குழம்பு ஊற்றிய பன்னி சௌவை இருவரும் கையாலேயே பிய்த்துத் தின்னும்போது. அவனைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. அவன் ரொட்டியின் நடுப்பகுதியை அவளுக்கு விட்டுக்கொடுப்பான் என்பது மட்டும் தெரியும்.

படி 8: அளவும் வேகமும்

தமிழில் 40,000 சொல் போதும். சுமார் 30 அத்தியாயம், ஒவ்வொன்றும் ஒரு பஸ் பயணத்தில் படித்து முடிக்கிற அளவு. எல்லா அத்தியாயத்தையும் திடுக்கிடலில் முடிக்காதீர்கள், நாலாவது தடவையிலேயே வாசகருக்குப் பழகிவிடும். ஒரு அத்தியாயத்தைத் திடுக்கிடலில் முடித்தால் அடுத்ததை ஒரு கேள்வியில், அதற்கடுத்ததை வெறும் மௌனத்தில் முடியுங்கள். சரோஷ்னியே 'நான்' என்று சொல்வதுபோல எழுதுவது நல்லது. அவள் தவறாகப் பார்த்ததை வாசகரும் அவள் கண்ணாலேயே பார்க்க வேண்டும். உரையாடலில் டர்பன் பிள்ளைகள் ஆங்கிலம்தான் அதிகம் பேசுவார்கள் என்பது உண்மை. பள்ளிப் பேச்சை எளிய தமிழில் எழுதிவிட்டு, ஆயாவோடு பேசுவதை மட்டும் கொச்சையோடு எழுதினால் இரண்டு உலகமும் தனித்தனியாகத் தெரியும்.

படி 9: திருத்தம்

முதல் வரைவை முடித்ததும் இரண்டு வாரம் தொடாதீர்கள். அப்புறம் முதல் அத்தியாயத்தை மட்டும் எடுத்து, படி 1-இல் எழுதிய இரண்டு தாள்களோடு ஒப்பிடுங்கள். உண்மையில் நடந்ததற்கு முரணாக ஒரு சொல் இருந்தாலும் அடியுங்கள். அவள் தவறாகப் புரிந்துகொள்ளலாம், நீங்கள் பொய் சொல்லக்கூடாது. 'வேன் அங்கிள் தள்ளினார்' என்று கதைசொல்லியாக எங்காவது எழுதியிருந்தால் அது மோசடி. 'மஞ்சள் துணி. கை. அவர் விழுந்தார்' என்றால் நேர்மை.

பிறகு பதினாறு வயதுள்ள மூன்று பேரிடம் கொடுங்கள். பிடித்ததா என்று கேட்காதீர்கள். பத்தாம் அத்தியாயம், இருபதாம் அத்தியாயம் முடிந்ததும் நிறுத்தச் சொல்லி, யார் மேல் சந்தேகம் என்று ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள். மூன்று பேரும் பத்தாம் அத்தியாயத்திலேயே செருப்பைப் பிடித்துவிட்டால் அந்த ஓசையை வேறொரு சத்தத்துக்குள் ஒளியுங்கள், மேளச் சத்தம் நல்ல இடம். முடிந்தபின்னும் ஒருவருக்கும் நினைவில்லை என்றால் நடுவில் எங்காவது ஒரு ஜோடிச் செருப்பை வாசலில் கிடத்துங்கள்.

கடைசிப் பக்கம் பற்றி வகுப்பில் நீண்ட நேரம் பேசினோம். சரோஷ்னி தன் வாக்குமூலத்தைத் திருத்திவிட்டாள். யூகன் குடும்பத்தை மறுபடி வேறு ஊருக்குக் கொண்டுபோக வண்டி வந்து நிற்கிறது. எந்த ஊர் என்று அவனுக்கே தெரியாது. அந்தப் படிக்கட்டில், மூன்றாவது படியில் நின்று, அவன் அவள் காதருகே தன் உண்மைப் பெயரைச் சொல்கிறான். அந்தப் பெயரை அச்சில் போடாதீர்கள். அவள் அதை ஒருமுறை உதட்டில் சொல்லிப் பார்க்கிறாள், சத்தம் வரவில்லை. வண்டி கீழ்ரோட்டில் திரும்புகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நிற்கிறது, யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.